பாட்டுக்கு இரண்டு பெயர்

(நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், சூரமங்கலத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் உரைத் தலைப்பைக் கேட்டபோது, 'இந்தியன் ஓஷன் இசைக்குழுவின் இரண்டாம் தொகுப்பு: கந்தீசா' என்று எழுதிக் கொடுத்தேன். அழைப்பிதழைக் கண்ட நண்பர்கள் இருவர் தொலைபேசியில் அழைத்து, "அம்மா, பரிபாடலில் முனைவர் பட்டம் பெற்ற நீங்கள் ராக் இசையைப் பற்றிப் பேசப் போகிறீர்களா?" என்று வியந்தார்கள். கேள்வி நியாயமானதே. பரிபாடலைப் படித்ததனால்தான் இந்த இசைக்குழுவைப் பற்றிப் பேச வந்தேன் என்பதே என் விடை. அஃது எவ்வாறு என்பதை இவ்வுரை போகப் போக விளக்கும்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். மேலை நாடுகளில் 1960-களின் நடுவில் தோன்றிய ஒருவகை ராக் இசையைச் 'சைக்கெடலிக்' என்பார்கள். இச்சொல்லை ஆக்கியவர் ஹம்ஃபிரி ஆஸ்மண்ட் என்னும் உளமருத்துவர். எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லிக்கு 1956-இல் எழுதிய கடிதத்தில் அவர் இதை முதன்முதலாகப் பயன்படுத்தினார். மனம் என்றும் வெளிப்படுத்துதல் என்றும் பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. 'உளம் திறக்கும் இசை' என்று தமிழில் சொல்லிப் பார்க்கலாம். போதை மருந்துப் பழக்கத்தோடு அச்சொல் ஒட்டிக்கொண்டது உண்மை. அப்பழக்கத்தை நாம் போற்ற வேண்டியதில்லை. ஆயினும் அவ்விசை செய்துகாட்டிய வேலை கவனிக்கத்தக்கது. மூன்று நிமிடப் பாட்டு என்ற கட்டை அவிழ்த்தது. ஒரே இசைத்தொடரைத் திரும்பத் திரும்ப வாசித்து, கேட்பவரை ஓரிடத்தில் நிறுத்தி வைத்தது. தம்புராவின் சுருதிபோல ஓயாது ஒலிக்கும் ஒரு நாதத்தின்மேல் பாட்டைக் கட்டியது.

தம்புராவை நான் உவமைக்காக மட்டும் சொல்லவில்லை. பீட்டில்ஸ் குழுவினர் 1965 டிசம்பரில் வெளியிட்ட தொகுப்பின் ஒரு பாடலில் சித்தாரை ஒலிக்கச் செய்தார்கள். 1967 ஜூனில் கலிபோர்னியாவின் மான்டரே விழாவிலும், 1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் விழாவிலும் பண்டிட் ரவிசங்கர் வாசித்தார். அந்த ஆண்டுகளில் மேலை இளைஞர்கள் இந்தியாவை நோக்கித் திரும்பினார்கள். அவர்கள் கண்ட இந்தியா எது என்பது தனிக் கேள்வி. அதற்கு ஓர் எடுத்துக்காட்டு, அவ்விசையின் புகழ்பெற்ற இன்னொரு இரண்டாம் தொகுப்பு.

கிதார் மேதை ஜிமி ஹெண்டிரிக்சின் குழு, தன் முதல் தொகுப்பை 1967 மே மாதத்திலும் இரண்டாம் தொகுப்பான 'ஆக்சிஸ்: போல்ட் ஆஸ் லவ்' என்பதை அதே ஆண்டு டிசம்பர் 1 அன்றும் இங்கிலாந்தில் வெளியிட்டது. இரண்டுக்கும் இடையே ஏழு மாதமும் முழுதாக இல்லை. ஒப்பந்தப்படி ஓராண்டில் இரண்டு தொகுப்புகள் தந்தாக வேண்டிய நெருக்கடி. முடித்து வைத்த ஒலிநாடாவில் ஒரு பக்கம் வாடகைக் காரில் தொலைந்துபோக, ஒரே இரவில் அந்தப் பக்கத்தை மீண்டும் கலவை செய்தார்கள். இசையளவில் அருமையான தொகுப்பு அது. ஆனால் அதன் உறையில் இருந்தது என்ன தெரியுமா? நம் ஊர்த் தேர்த் திருவிழாக் கடைகளில் தொங்கும் விசுவரூபப் படம்! திருமாலின் பல முகங்களுக்கு நடுவே, ஹெண்டிரிக்சின் முகமும் தோழர் இருவரின் முகங்களும் பொருத்தப்பட்டிருந்தன. அவ்வுறையை வடிவமைத்ததில் அவருக்குப் பங்கில்லை. தம் பாட்டி வழியில் வந்த அமெரிக்கப் பழங்குடி மரபைக் காட்டும் படமாக இருந்திருந்தால் பொருத்தமாயிருக்கும் என்ற வருத்தம் அவருக்கே இருந்தது. அமெரிக்கப் பழங்குடியினரையும் 'இந்தியர்' என்ற சொல்லாலேயே குறித்துவந்த காலம் அது. அவருக்கு உரிய இந்தியர் வேறு. உறைக்கு வந்து சேர்ந்த இந்தியா வேறு. அந்தத் தொகுப்பில் இந்தியா உறையோடு நின்றது. உள்ளே இருந்த பாடல்களுக்கு அதனோடு உறவில்லை.

இனி நம் பொருளுக்கு வருவோம். டெல்லியில் 1990-இல் தொடங்கப்பெற்ற குழு இந்தியன் ஓஷன். கிதார் வாசித்த சுஸ்மித் சென், தபலா வாசித்துக்கொண்டே பாடிய அசீம் சக்ரவர்த்தி ஆகிய இருவரும் அதன் முதல்வர்கள். பாஸ் கிதாரோடு ராகுல் ராம் 1991-இலும், டிரம்சோடு அமித் கிலாம் 1994-இலும் வந்து சேர்ந்தார்கள். வங்கத்துப் பாவுல் பாடகர்கள் கக்கத்தில் இடுக்கி மீட்டும் ஒற்றை நரம்புக் கருவியான கப்குபியையும் அமித் கிலாம் இக்குழுவில் ஒலிக்கச் செய்தார். இவர்களை இணைவிசைக் குழு என்று சொல்வதே வழக்கம். சைக்கெடலிக் என்ற சீட்டு இவர்கள்மேல் முழுதாக ஒட்டாது. ஆயினும் அவசரமின்றி விரியும் நீண்ட பாடல்கள், சுழன்று சுழன்று வரும் இசைத்தொடர்கள், அடிநாதத்தின் மேல் எழும் குரல் ஆகியவற்றைக் கேட்பவர்க்கு அந்த மரபோடு இவர்களுக்குள்ள உறவு விளங்கும். மேலை நாட்டார் இங்கிருந்து எடுத்துச் சென்றதை இவர்கள் வேறொரு வழியாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் தொகுப்பு 1993-இல் வந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவான அடுத்த தொகுப்பாகிய 'கந்தீசா' 2000-ஆம் ஆண்டில்தான் வந்தது. இடையே ஏழாண்டுகள். அந்த இடைவெளியில் 1997-இல் 'டெசர்ட் ரெயின்' என்றொரு தொகுப்பு வெளியானதுண்டு. ஆனால் அது மேடைக் கச்சேரியின் நேரடிப் பதிவு. தெரு நாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது 1989 ஜனவரி 1 அன்று தாக்கப்பட்டு, மறுநாள் உயிர்நீத்த கலைஞர் சஃப்தர் ஹாஷ்மியின் நினைவு நிகழ்ச்சியில் பாடியது அது. அந்தக் குழு எத்தகைய மேடைகளில் நின்று வளர்ந்தது என்பதை இச்செய்தி ஒன்றே உணர்த்தும்.

கவிஞர்களே, இரண்டாம் தொகுப்பின் சோதனையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முதல் தொகுப்பைப் பிறந்தது முதல் சேர்த்து வைத்த சேமிப்பிலிருந்து எழுதுகிறோம். இளமை, முதற் காதல், சொந்த ஊர், இறந்துபோன தாத்தா என்று கைவசம் உள்ளவை எல்லாம் அதில் இறங்கிவிடுகின்றன. ஊரும் அன்போடு கைதட்டி விடுகிறது. அதற்குப் பின் என்ன எழுதுவது? நம் வட்டத்தின் கவிஞர்களில் முதல் தொகுப்பு வெளியிட்டவர்கள் பலர். இரண்டாவதைக் கண்டவர்கள் சிலரே. பலர் முதல் நூலையே வேறு சொற்களில் மறுபடி எழுதுகிறார்கள். கந்தீசாவை நான் மதிக்கும் காரணம் இங்கே இருக்கிறது. தம் சேமிப்புத் தீர்ந்த பின் அக்குழுவினர் பிறர் நினைவில் இருந்த பாடல்களைத் தேடிக் கற்றுக்கொண்டார்கள். தொகுப்பில் உள்ள பாடல்கள் ஏழு. அவற்றில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது 'மா ரேவா'. ரேவா என்பது நர்மதை ஆற்றின் பழம்பெயர். துள்ளிப் பாய்பவள் என்பது அதன் பொருள். நர்மதைப் பள்ளத்தாக்கின் மக்கள் ஆற்றைத் தாயென விளித்துப் பாடும் நாட்டார் பாடலே இதன் அடிப்படை. ராகுல் ராம் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் முனைவர் பட்டம் பெற்றவர். நாடு திரும்பியவர் மேதா பட்கர் முன்னின்று நடத்திய நர்மதை பாதுகாப்பு இயக்கத்தில் பங்குகொண்டார். சர்தார் சரோவர் அணையால் வீடும் நிலமும் இழக்கவிருந்த மக்களோடு இருந்தபோது அங்கே கற்றதைத்தான் குழுவுக்குக் கொண்டுவந்தார். தொகுப்பு வெளிவந்த அதே 2000-ஆம் ஆண்டு அக்டோபரில், அணை வேலை தொடரலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017 செப்டம்பரில் அணை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 138.68 மீட்டர் உயரம். பாட்டு அணையைத் தடுக்கவில்லை. ஆற்றங்கரையில் இருந்தவர்கள் ஆற்றை எப்படி அழைத்தார்கள் என்பதை மட்டும் அது வைத்திருக்கிறது.

இவ்விடத்தில் சேலத்துக்காரர்களாகிய நமக்கு நர்மதை தூரத்து ஊரன்று. 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பில் எத்தனை சிற்றூர்கள் மூழ்கின என்பதை நம் மூத்தவர்கள் அறிவார்கள். நீர்மட்டம் நன்கு இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் சலகண்டேசுவரர் கோயில் நந்தியும், பழைய கிறித்தவக் கோயிலின் கோபுரமும் வெளியே தெரிகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு சென்று பார்த்துப் படமெடுத்து வருகிறோம். அணையால் தஞ்சை வரை வயல் விளைந்தது, சோறு பெருகியது. அதை மறுப்பது நன்றி மறத்தலாகும். ஆயினும் கல்நந்தி மேலெழுந்து வருவதுபோல, அங்கே பாடப்பட்ட பாட்டு எதுவும் மேலெழுந்து வந்ததுண்டா?

என் தாயைப் பெற்ற பாட்டி அவ்வாறு மூழ்கிய ஊர் ஒன்றில் பிறந்தவர். ஊர் காலியானபோது அவருக்கு ஒன்பது வயது. நாற்று நடும்போதும், எங்களைத் தூங்க வைக்கும்போதும் அவர் ஒரு பாட்டைப் பாடுவார். அதில் அந்த ஊர்க் கிணற்றின் பெயர், ஏரிக்கரை மரத்தின் பெயர், பரிசல்காரர் ஒருவரின் பெயர் எல்லாம் வரும் என்று என் தாயார் சொல்வார். பாட்டி மறைந்து இருபது ஆண்டுகளாகின்றன. என் தாயார்க்கு இன்று மெட்டு மட்டும் நினைவிருக்கிறது; சொற்கள் இல்லை. முனகிக் காட்டுகிறார். நான் முனைவர் பட்டத்தோடு எதிரே அமர்ந்து அந்த முனகலைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதை எந்த ஓலைச்சுவடியிலும் தேட முடியாது.

இரண்டாவது பாடல் 'ஹில்லே லே'. இதன் சொற்கள் கோரக் பாண்டேயினுடையவை. 1945-இல் பிறந்து, டெல்லி சவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து, 1989 ஜனவரியில் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்ட கவிஞர் அவர். மெய்யியல் கற்றவர், இந்தியிலும் எழுதினார். ஆனால் உழவர்க்கும் கூலியாளர்க்குமான பாடல்களை அவர்களின் போச்புரி மொழியில், அவர்களுக்குப் பழகிய நாட்டார் மெட்டுகளிலேயே எழுதினார். மக்கள் படை வருகிறது, அதன் நடையில் உலகமே குலுங்குகிறது என்பது இப்பாடலின் கருத்து. கவிஞர் மறைந்து பதினோர் ஆண்டுகளுக்குப் பின் மின்கிதாரும் டிரம்சும் அதை எடுத்துக்கொண்டன. அரசியல் கூட்டத்துக்கு வராத இளைஞர்கள் கல்லூரி விழாக்களில் அதைப் பாடி ஆடினார்கள். ஆடியவர் எல்லாரும் அதன் பொருளை உணர்ந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பாட்டு போய்ச் சேர்ந்தது.

இது நமக்குப் புதிதா? 1930-இல் இராசாசி திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்புச் சத்தியாக்கிரகப் படையை நடத்திச் சென்றபோது, தொண்டர்கள் வழிநெடுகப் பாடியது நம் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை எழுதிக் கொடுத்த பாட்டு. நடப்பவனின் காலடிக்குத் தாளம் போட்டு எழுதப்பட்டது அது. அந்தக் கவிஞர் நம் பக்கத்து ஊர்க்காரர். படைத்தலைவரோ அதற்கு முன் நம் சேலம் நகராட்சியின் தலைவராக இருந்தவர். பாட்டை நடைக்கு ஏற்ப எழுதும் வித்தை இம்மண்ணுக்குத் தெரியும். இடையில் நாம் அதைக் கைவிட்டோம்.

மூன்றாவது, தொகுப்புக்குப் பெயர் தந்த 'கந்தீசா'. இது கேரளத்துச் சிரியக் கிறித்தவர்களின் பழைய வேண்டுதல் பாடல். மொழி சிரியாக்கு, அதாவது, இயேசுநாதர் பேசிய அரமேய மொழியின் கீழைக்கிளை. கந்தீசா என்றால் தூய்மையானவர் என்று பொருள். இறைவனை அச்சொல்லால் மும்முறை அழைத்து இரக்கம் கேட்பது அவ்வேண்டுதலின் அமைப்பு. மேற்காசியாவில் பிறந்த அந்த மொழி, வணிகக் கப்பல்களின் வழியில் மலையாளக் கரைக்கு வந்து பல நூற்றாண்டுகள் வழிபாட்டு மொழியாக வாழ்ந்தது. கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு 849-இல் வழங்கப்பட்ட செப்பேட்டைத் தமிழ் மாணவர்கள் அறிவார்கள். வட்டெழுத்தில், அன்றைய மலைநாட்டுத் தமிழில் அமைந்த அச்சாசனத்தின் கடைசியில் சான்றாளர்கள் கூபி அரபு எழுத்திலும், பாரசீகப் பகலவி எழுத்திலும், எபிரேய எழுத்திலும் கையொப்பமிட்டிருக்கிறார்கள். அத்தகைய கலப்பில் வேர்விட்ட திருச்சபை அது. 1962-இல் சீரோ மலபார் திருச்சபையின் வழிபாடு மலையாளத்துக்கு மாறியது. மக்களுக்குப் புரியும் மொழியில் வழிபட வேண்டும் என்ற அந்த முடிவு சரியானதே. ஆனாலும் சில பாடல்கள் பழைய மொழியிலேயே தங்கிவிட்டன. பொருள் அறியாத பாட்டிமார்களின் நாவில் மெட்டும் ஓசையும் பிழையாமல் இருந்தன.

என் தாயாரிடம் மெட்டு இருக்கிறது, சொல் இல்லை. அப்பாட்டிமார்களிடம் சொல் இருந்தது, பொருள் இல்லை. இழப்பிலும் எத்தனை வகை பாருங்கள்.

அந்தப் பாடலை இந்தியன் ஓஷன் பாடும் முறையை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் கருவிகள் அடங்கியே இருக்கின்றன. குரல் கோயிலுக்குள் நிற்பதுபோல நின்று பாடுகிறது. பின்பு சிறிது சிறிதாகத் தாளம் ஏறுகிறது. பல குரல்கள் சேர்கின்றன. அதே சொற்கள், அதே வரிசை. வேறு சொல் எதையும் இடையில் செருகவில்லை. மொழி தெரியாத எனக்கும் அது ஒரு வேண்டுதல் என்பது ஐயமின்றி விளங்கியது.

இங்கே ஒரு தடை எழுப்பலாம். விசுவரூபப் படத்தை உறைக்கு எடுத்தவர்களைக் குறை சொன்னீர்களே, புரியாத மொழிப் பாடலை அழகுக்காக எடுத்துப் பாடுவது மட்டும் எவ்வாறு சரியாகும் என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். என் விடை இது. உறைக்கு எடுத்தவர்கள் படத்தின் நடுவிலிருந்த முகத்தை அகற்றித் தங்கள் ஆட்களின் முகத்தை வைத்தார்கள். கந்தீசாவைப் பாடியவர்கள் அதில் தங்கள் முகத்தை வைக்கவில்லை. யாரை நோக்கி அப்பாடல் பாடப்பட்டதோ அவரை நோக்கியே அது இன்னும் பாடப்படுகிறது. அதனைக் கற்பதற்கு உழைப்பு வேண்டும். நாவைப் புதிய ஒலிகளுக்குப் பழக்க வேண்டும். எடுப்பதற்கும் கற்பதற்கும் உள்ள வேறுபாடு இந்த உழைப்பில் இருக்கிறது.

ஆயினும் ஒரு மனக்குறையையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். 'மா ரேவா'வை இன்று கேட்போர் இந்தியன் ஓஷனின் பெயரை அறிவார்கள். நர்மதைக் கரையில் அதை முதலில் பாடிய பெண்களின் பெயரை அறியார். நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் இல்லை என்று பாடநூலில் எழுதுகிறோம். ஆசிரியர் இல்லாமலா பாட்டு பிறக்கும்? பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ள எவரும் இல்லை என்பதே உண்மை. ஒரு குழுவின் குறையன்று இது. நம் எல்லாருடைய பழக்கமும் இதுவே.

இப்போது பரிபாடலுக்கு வருகிறேன். எழுபது பாடல்களாக இருந்த அந்நூலில் நமக்கு முழுமையாகக் கிடைத்தவை இருபத்திரண்டு. உ.வே. சாமிநாதையர் அதனை 1918-இல் பதிப்பித்தார். அதன் பாடல்கள் பெரும்பாலானவற்றின் கீழ் மூன்று செய்திகள் குறிக்கப்பட்டுள்ளன: பாடிய புலவர் பெயர், இசை வகுத்தவர் பெயர், பண்ணின் பெயர். கண்ணாகனார், பெட்டனாகனார், மருத்துவன் நல்லச்சுதனார் என்று இசை வகுத்தவர்களின் பெயர்கள் புலவர்களின் பெயர்களுக்குச் சமமாக நிற்கின்றன. பாட்டு ஒருவருடையதன்று, இருவருடையது என்று அன்றே நம் முன்னோர் எழுதி வைத்திருக்கிறார்கள். வையையைப் பாடும் அப்பாடல்களும், காவிரியை விளித்துப் பாடும் சிலப்பதிகாரக் கானல்வரியும் இருக்க, ஆற்றுப்பாட்டுக்கு நாம் நர்மதைக்குப் போகவேண்டியதில்லை. ஆனால் பரிபாடலின் பண்கள் இன்று எங்கே? பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்ற பெயர்கள் இருக்கின்றன. கண்ணாகனார் வகுத்த இசை இல்லை.

தேவாரத்துக்கு நேர்ந்தது வேறு. மூவர் பாடல்களின் ஏடுகள் தில்லையில் கிடைத்த பின்னும் பண்முறை தெரியாமல் நின்றபோது, எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணே அவற்றுக்குப் பண் வகுத்து உதவினாள் என்று திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. வேந்தன் முயன்றான், நம்பியாண்டார் நம்பி தொகுத்தார். அவர்கள் பெயர் நமக்குத் தெரியும். இசையைத் தந்தவளின் பெயர் தெரியாது. இருந்தாலும் அவள் தந்ததனால் தேவாரம் இன்றும் ஓதுவார் குரலில் ஒலிக்கிறது. பரிபாடலோ பல்கலைக்கழக வகுப்பில் உரைநூலோடு திறக்கப்படுகிறது.

புதுக்கவிதை இசையை விட்டு விலகியதற்குத் தக்க காரணம் இருந்தது. ந. பிச்சமூர்த்தியின் 'காதல்' என்ற கவிதை 1934-இல் மணிக்கொடியில் வந்தது. மேட்டூரில் தண்ணீர் தேங்கத் தொடங்கிய ஆண்டும் அதுவே. எதுகை மோனைக்காகப் பொருளற்ற சொற்கள் வரிசையில் நின்ற காலத்தில், அவ்விலகல் கவிதைக்கு மூச்சு விட இடம் கொடுத்தது. 1959-இல் தோன்றிய சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' அதனை உறுதிப்படுத்தியது. நான் பழைய யாப்புக்கு எவரையும் திரும்ப அழைக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கவிதை இசையை விட்டதும், பாட்டென்னும் பரப்பு முழுவதையும் நாம் திரைப்படத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த சேலத்தில் திரைப்பாட்டைக் குறைத்துப் பேச எனக்குத் துணிவில்லை. ஆனால் கதைக்கும் காட்சிக்கும் உட்படாத கவிதை பாடப்பட வேண்டுமானால், அது எங்கே போகும்?

அண்மை ஆண்டுகளில் சில வாயில்கள் திறந்திருக்கின்றன. 2017-இல் எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றிக் கபேர் வாசுகி எழுதிய புறம்போக்குப் பாடலை டி.எம். கிருஷ்ணா பாடினார். நம் நாமக்கல் வட்டாரத்து எழுத்தாளர் பெருமாள்முருகன் அவருக்காக ஐம்பூதங்கள் குறித்துக் கீர்த்தனைகள் எழுதினார். 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு தன் முதல் மேடையைக் கண்டது. அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய 'சாதிபேதமற்ற' என்னும் சொல்லைத் தன் பெயராக்கிக்கொண்டு, கானாவையும் பறையிசையையும் ராக் கருவிகளோடு சேர்த்தது. நம் கல்லூரி மாணவர்கள் இப்பாடல்களை எல்லாம் கைப்பேசியில் வைத்திருக்கிறார்கள். நம் வட்டத்தின் பத்தாண்டுக் கவிதைகளை அவர்கள் அறிய மாட்டார்கள். அதற்கு மாணவர்களை மட்டும் குறை கூறிப் பயனில்லை.

இந்தியன் ஓஷனின் பின்கதையையும் சொல்லிவிடுகிறேன். கந்தீசாவின் குரலாக இருந்த அசீம் சக்ரவர்த்தி 2009 டிசம்பர் 25 அன்று காலமானார். சுஸ்மித் சென் 2013-இல் விலகினார். குழு புதிய உறுப்பினர்களோடு தொடர்ந்து, 2023-இல் 'தூ ஹை' என்ற தொகுப்பைத் தந்தது. முதல் நால்வரின் அணி இன்றில்லை; கந்தீசா இருக்கிறது. எடெசாவில் தொடங்கி மலையாளக் கரை வழியாக டெல்லிக்குப் போன ஒரு வேண்டுதல், இன்னொருவர் குரலில் இன்னும் பாடப்படுகிறது. பாட்டின் இயல்பு அது. ஒரு தொண்டை ஓய்ந்தால் மற்றொரு தொண்டைக்குப் போகும். போவதற்கு மற்றொரு தொண்டை பக்கத்தில் இருக்கவேண்டும்.

எனவே பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் வட்டத்துக்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

ஒன்று: திங்கள்தோறும் படிக்கப்படும் கவிதைகளுள் ஒன்றேனும் பாடப்படட்டும். ஓதுவார் பாடட்டும், நாதசுர வித்துவான் மெட்டமைக்கட்டும், கிதார் வைத்திருக்கும் கல்லூரிப் பையன் பாடட்டும், பறையடிக்கும் தம்பி தாளம் தரட்டும். கவிஞருக்கு மெட்டு பிடிக்காமல் போகலாம். சண்டை வரட்டும், அதுவும் வட்டத்துக்கு நல்லது.

இரண்டு: அவ்வாறு பாடப்பட்ட கவிதை நம் மலரில் அச்சாகும்போது, பரிபாடலைப் போல அதன் கீழே இரண்டு பெயர்கள் இருக்கட்டும். எழுதியவர் இன்னார், இசை வகுத்தவர் இன்னார்.

மூன்று: மேட்டூர் நீர்ப்பரப்பைச் சுற்றிலும், நீரிலிருந்து எழுந்துவந்து குடியேறிய ஊர்களிலும் எண்பது, தொண்ணூறு வயதுப் பெண்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் தம் தாய்மாரிடம் கேட்ட நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் அவர்களோடு இருக்கின்றன. ஆளுக்கு ஓர் ஊரைப் பிரித்துக்கொள்வோம். அவர்கள் இசைவு பெற்றுப் பதிவு செய்வோம். பாடியவர் பெயரையும் ஊரையும் முதலில் கேட்டு எழுதுவோம். பாட்டைப் பிறகு எழுதுவோம். 'ஆசிரியர் பெயர் தெரியவில்லை' என்று நம் ஏட்டில் ஒரு பக்கத்திலும் வரக்கூடாது.

முதல் ஊராக என் தாயாரின் ஊரையே எடுத்துக்கொள்கிறேன். அவருடைய மெட்டுக்குச் சொல் வைத்திருக்கும் பெண் ஒருத்தி கொளத்தூர்ப் பக்கமோ பென்னாகரம் பக்கமோ ஏதேனும் ஒரு திண்ணையில் உட்கார்ந்திருக்கக்கூடும். வரும் சித்திரை விடுமுறையில் தேடிப் போகிறேன். உடன்வர விரும்புவோர் விழா முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்க வேண்டுகிறேன்.